மிச்சிகனிடம் தோற்ற பயிற்சியாளர்கள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் முடிந்தபோது, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயின் மொத்தக் கணக்கு 66 வெற்றி, 10 தோல்வி. இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பவரை வேலையை விட்டு அனுப்பலாமா என்ற பேச்சு வேறெங்கும் எழாது. ஒஹாயோ ஸ்டேட்டின் கொலம்பஸ் நகரத்தில் அன்றே எழுந்தது. அந்தப் பத்துத் தோல்விகளில் நான்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம். அதுவும் தொடர்ந்து நான்கு முறை.

நான்காவது தோல்விதான் தாங்க முடியாதது. ஒஹாயோ ஸ்டேட் அப்போது நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிச்சிகன் அந்தப் பருவத்தில் 6 வென்று 5 தோற்று, தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த அணி. ஒஹாயோ ஸ்டேட் சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கணித்திருந்தார்கள். சொந்த மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். நாடே வியந்து பார்த்த ஜெரமையா ஸ்மித் என்ற முதலாண்டு மாணவர் பந்தைப் பிடிக்கக் காத்திருந்தார். டேயின் அணியோ பந்தை எடுத்துக்கொண்டு மிச்சிகன் தடுப்பு வரிசையின் நடுவில், அதன் மிகப் பலமான இடத்தில், திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டிருந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல்களில் இரண்டு தவறின. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் எறிந்த இரண்டு பந்துகள் எதிரணியின் கையில் போய் விழுந்தன. 45 விநாடி மீதமிருந்தபோது மிச்சிகன் ஒரு ஃபீல்டு கோல் அடித்தது. 13–10. வென்றவர்கள் மைதானத்தின் நடுவில் தங்கள் கொடியை நட முயன்றார்கள், கைகலப்பு வெடித்தது, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம்.

ஒரே ஒரு ஆட்டம் ஒரு மனிதரின் எதிர்காலத்தை இந்த அளவுக்கு எப்படி ஆட்டிப் பார்க்கிறது? 'அமெரிக்கர்களுக்குப் பைத்தியம்' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பைத்தியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாம் உதைத்து ஆடும் கால்பந்து வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. இதன் கல்லூரி வடிவம் ஏதோ மாணவர் விளையாட்டு விழா என்று நினைத்தால் அளவு பிடிபடாது. மிச்சிகன் மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். இந்த அணிகளுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. விளையாட்டுத் துறை இயக்குநர், அவருக்கு மேல் பல்கலைக்கழகத் தலைவர், அதற்கும் மேல் அறங்காவலர் குழு. பக்கவாட்டில், எந்தப் பதவியும் இல்லாமல், கோடிக்கணக்கில் நன்கொடை தரும் பழைய மாணவர்களும் தொழிலதிபர்களும். முதலாளி இல்லாத இடத்தில் எல்லோரும் முதலாளி. பயிற்சியாளர் பாடு திண்டாட்டமாவது இங்கேதான் தொடங்குகிறது.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் குறைவு. வழக்கமான பருவத்தில் ஒரு அணிக்குப் பன்னிரண்டே ஆட்டம். கிரிக்கெட் லீக் போல அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பரம எதிரியுடனான ஆட்டம் பெரும்பாலும் பருவத்தின் கடைசியில், நவம்பர் இறுதியில், குடும்பமே ஒரு வீட்டில் கூடியிருக்கும் நன்றி நவிலல் விடுமுறையில் வருகிறது. தோற்றால் அடுத்த பருவம் வரை, அதாவது ஒன்பது மாதம், அதே பேச்சுதான்.

ஒஹாயோ, மிச்சிகன் மாநிலங்களுக்கு இடையே பகை பந்துக்கு முன்பே இருந்தது. 1835இல் டொலிடோ நகரம் யாருக்கு என்ற எல்லைத் தகராறில் இரு பக்கமும் படை திரட்டினார்கள். பெரிய உயிர்ச்சேதம் இல்லை. டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. பல்கலைக்கழக அணிகள் முதலில் மோதியது 1897இல். ஆட்ட வாரத்தில் கொலம்பஸ் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் உள்ள ஆங்கில 'எம்' எழுத்தின் மேல் சிவப்புப் பட்டை ஒட்டி மறைப்பார்கள். அணிக்குள் மிச்சிகன் என்ற பெயரை உச்சரிப்பதில்லை. 'வடக்கே உள்ள அணி' என்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிகளிடம் இருந்தது மரியாதை. இங்கே அதற்கு நேர் எதிர்.

1934இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஃபிரான்சிஸ் ஷ்மிட். மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் பேன்ட் மாட்டுகிறார்கள், எதற்குப் பயம் என்ற பொருளில் அவர் சொன்னதை வைத்து, மிச்சிகனை வெல்லும் அணியின் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பேன்ட் வடிவில் ஒரு சின்னத் தங்கப் பதக்கம் தரும் வழக்கம் பிறந்தது. இன்றும் தொடர்கிறது. ஷ்மிட் முதல் நான்கு ஆண்டுகளும் மிச்சிகனை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வென்றார். அடுத்த மூன்று ஆண்டுகளும் தோற்றார். 1940இல் கொலம்பஸிலேயே 40–0. அந்த ஆட்டத்தோடு அவர் பதவியும் முடிந்தது. வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே அதற்குப் பலியானார். அதன் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரியும்.

எல்லாரையும்விட ஜான் கூப்பரின் கதையில்தான் பாடம் அதிகம். அவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கூப்பர் 1988 முதல் 2000 வரை பதின்மூன்று பருவங்கள் ஒஹாயோ ஸ்டேட்டை நடத்தினார். 111 வெற்றி, 43 தோல்வி, 4 சமநிலை. பின்னாளில் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம் பெற்றவர். மிச்சிகனுக்கு எதிராக மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமநிலை. அந்த ஒரு சமநிலை 1992இல், 13–13. பல்கலைக்கழகத் தலைவர் கோர்டன் கீ அதைத் தங்கள் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று என்று சொல்லிவைத்தார், அந்த வாக்கியத்தை வைத்து அவரை ஆண்டுக்கணக்கில் கிண்டல் செய்தார்கள்.

1993இல் ஒரு தோல்விகூட இல்லாமல் போன கூப்பரின் அணி, ஏற்கெனவே நான்கு தோற்றிருந்த மிச்சிகனிடம் 28–0 என்று விழுந்தது. 1995இல் 11 ஆட்டங்களையும் வென்று, நாட்டில் இரண்டாம் இடத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஊரான ஆன் ஆர்பருக்குப் போனார்கள். டிம் பியாகபுடூகா என்ற மிச்சிகன் ஓட்டக்காரர் ஒருவரே 313 கெஜம் ஓடினார், 31–23. கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மனை அந்த ஆண்டு வாங்கிய எடி ஜார்ஜ் கூப்பரின் அணியில்தான் இருந்தார், பலனில்லை. 1996இல் மறுபடி 10க்கு 10, மறுபடி இரண்டாம் இடம், இந்த முறை சொந்த மைதானம். பாதி ஆட்டத்தில் 9–0 முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஷான் ஸ்பிரிங்ஸ் என்ற அருமையான தடுப்பாட்டக்காரரின் கால் வழுக்கியது. அவர் காவலில் இருந்த டை ஸ்ட்ரீட்ஸ் 69 கெஜம் ஓடி, பந்தை எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் அடித்தார். 13–9.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு. கால் வழுக்கிய அந்த 1996 தோல்விக்காகக் கூப்பரை யாரும் வெளியேற்றவில்லை. அந்தப் பருவத்திலேயே அவர், பருவம் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பௌலை வென்று நாட்டின் இரண்டாம் இடத்தில் முடித்தார். அதன் பிறகும் நான்கு ஆண்டு பதவியில் இருந்தார். 2000இல்தான் முடிந்தது. மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 38–26 தோல்வி. பின்பு 2001 புத்தாண்டு அன்று அவுட்பேக் பௌல் ஆட்டத்தில் சவுத் கரோலினாவிடம் 24–7. முந்தைய பருவத்தில் 11 ஆட்டத்தில் பதினொன்றையும் தோற்றிருந்த அணி அது. மறுநாள், ஜனவரி 2ஆம் தேதி, இயக்குநர் ஆண்டி கைகர் கூப்பரை நீக்கினார்.

ஆக, கூப்பரின் வேலை போனதற்குச் சாக்கு சவுத் கரோலினா. காரணம் அதற்கு முன்பு சேர்ந்துகொண்டே போன மிச்சிகன் பாக்கி. எதிரியிடம் வரும் அதிர்ச்சித் தோல்வி மொய் நோட்டில் எழுதும் வரவு மாதிரி. எழுதிய அன்று யாரும் பணம் கேட்டு வருவதில்லை, ஆனால் யாரும் மறப்பதும் இல்லை. அடுத்த விசேஷம் எது என்று காத்திருந்து வட்டியோடு வசூலிப்பார்கள். ஒரு தோல்வியால் மட்டும் பதவி போன பயிற்சியாளர்களைத் தேடினால் அதிகம் கிடைக்க மாட்டார்கள். பதவியைக் காக்க யாரும் வாய் திறக்காத நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் நிறையக் கிடைப்பார்கள்.

கூப்பருக்கு அடுத்து வந்த ஜிம் டிரெஸல் இதை முதல் நாளே புரிந்துகொண்டார். 2001 ஜனவரி 18, கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நம் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்றார். அரங்கம் அதிர்ந்தது. வெற்றி என்று அவர் சொல்லவில்லை. எண்ணிக்கை மட்டும் சொன்னார். 310ஆவது நாள், நவம்பர் 24 அன்று, 26–20 என்று வென்றார். அந்தப் பருவத்தில் மொத்தமே 7 வெற்றி, 5 தோல்விதான். கூப்பருக்கு அதே எண்கள் வந்திருந்தால் ஊர் கொந்தளித்திருக்கும், டிரெஸலுக்குக் கைதட்டு. பத்தாண்டுகளுக்குப் பின் அவர் பதவி விலக நேர்ந்தது களத்துக்கு வெளியே நடந்த விவகாரத்தில். ஆட்டக்காரர்கள் பச்சை குத்திக்கொள்ளவும் காசுக்குமாகத் தங்கள் நினைவுப் பொருள்களை விற்றிருந்தார்கள், அதை அறிந்தும் அவர் சொல்லாமல் இருந்தார். விற்ற பொருள்களில் அந்தத் தங்க பேன்ட் பதக்கமும் உண்டு.

வெற்றி எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. எர்ல் புரூஸ் மிச்சிகனுக்கு எதிராக 5–4 என்று நல்ல கணக்கு வைத்திருந்தவர். 1987இல் அயோவாவிடம் கடைசி நிமிடத்தில் தோற்ற பின், மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய திங்களன்றே பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்ட் ஜென்னிங்ஸ் அவரை நீக்கினார். விளையாட்டுத் துறை இயக்குநர் ரிக் பே அதை எதிர்த்துத் தானும் பதவி விலகினார். அந்தச் சனிக்கிழமை ஆட்டக்காரர்கள் 'எர்ல்' என்று எழுதிய நெற்றிப்பட்டையோடு இறங்கி 23–20 என்று வென்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். உத்தரவு மாறவில்லை. பதவியில் இருக்கும்போது கிடைக்கும் வெற்றிக்குத்தான் விலை உண்டு.

இனி 2024க்கு வருவோம். கூப்பர் காலத்துக்கும் டே காலத்துக்கும் இடையில் மூன்று விஷயங்கள் மாறிவிட்டன. மூன்றும் பணத்தோடும் நாட்காட்டியோடும் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகை. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்புக்கொண்ட பாக்கி சுமார் 7.6 கோடி டாலர். டேயை அந்த டிசம்பரில் அனுப்பியிருந்தால் 3.5 கோடி டாலருக்கு மேல் எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தத் தொகை இருப்பதால்தான் கோபமும் முடிவும் ஒரே இரவில் நடப்பதில்லை. யாராவது ஒரு பெரும் கொடையாளர் காசோலைப் புத்தகத்தை எடுத்தால்தான் நகரும். தோல்வி எவ்வளவு அவமானகரமானது என்பதைவிட, அந்தக் காசோலையை எழுத எத்தனை பேர் தயார் என்பதே கேள்வியாகிவிடுகிறது. பரம எதிரியிடம் தோற்றால் மட்டும் கையெழுத்துப் போடும் கை சற்று வேகமாக நீள்கிறது.

இரண்டு, ஆள் சேர்க்கும் காலம். பள்ளி இறுதி மாணவர்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்திடும் நாள் முன்பு பிப்ரவரியில் இருந்தது. இப்போது பெரும்பாலோர் டிசம்பர் முதல் வாரத்திலேயே கையெழுத்திடுகிறார்கள். 2024இல் அந்த நாள் டிசம்பர் 4. மிச்சிகன் ஆட்டம் முடிந்து நான்கே நாள். டிசம்பர் 9இல் ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்கள் வேறு கல்லூரிக்குத் தாவும் வாசல் திறந்தது. நிர்வாகம் 'பார்க்கலாம்' என்று இழுத்தாலே ஆட்கள் கலைந்துபோவார்கள். அதனால் இயக்குநர் ராஸ் பியோர்க் உடனே வெளிப்படையாக டேயின் பக்கம் நின்றார். அவருக்கு டே மீது இருந்த நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை; ஆனால் நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் அவர் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று, தொடர் வடிவம். 2014 முதல் 2023 வரை தேசியப் பட்டத்துக்கு நான்கு அணிகள்தான் போட்டியிட்டன. அதற்கு முன்பு இரண்டுதான். அந்தக் காலமாக இருந்தால் இரண்டு தோல்வியோடு நின்ற ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வாய்ப்பே இல்லை. ஏதோ ஒரு ஆறுதல் பௌல் ஆட்டம், பாதிக் கூட்டம், ஒன்பது மாத வசை. 2024இல்தான் முதல் முறையாகப் பன்னிரண்டு அணிகள். ஒஹாயோ ஸ்டேட் எட்டாவதாக உள்ளே நுழைந்தது. கூப்பருக்குக் கிடைக்காத ஒன்று டேக்குக் கிடைத்தது: அதே பருவத்தில் பேசுவதற்கு இன்னொரு ஆட்டம்.

டிசம்பர் 21, டென்னசி அணி கொலம்பஸ் வந்தது. அரங்கில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தது. சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதி டிக்கெட்டை விற்றுவிட்டிருந்தது. டே நடுவில் முட்டுவதை விட்டுவிட்டுப் பந்தை ஸ்மித்துக்கு எறியச் செய்தார். 42–17. பிறகு முதலிடத்தில் இருந்த ஆரிகனை 41–21, டெக்சஸை 28–14, 2025 ஜனவரி 20இல் இறுதி ஆட்டத்தில் நோட்ரடாமை 34–23. தேசியப் பட்டம். பிப்ரவரியில் ஏழு ஆண்டுக்குப் புதிய ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 1.25 கோடி டாலர். நவம்பர் 30க்கும் இதற்கும் இடையில் பத்து வாரம்கூட இல்லை.

பட்டம் வந்ததும் மிச்சிகன் பாக்கி தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. ஆன் ஆர்பரில் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டார்கள்: பட்டம் வாங்கினாலும் எங்களிடம் தோற்றவர்கள்தானே. கொலம்பஸிலும் அதையே, வேறு குரலில், சொன்னார்கள். 2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் 27–9 என்று வென்ற பிறகுதான் டேயைப் பற்றிய பேச்சின் தொனி மாறியது. அடுத்த வாரமே, இந்த அணிகள் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்தில் இண்டியானாவிடம் ஒஹாயோ ஸ்டேட் தோற்றது. ஸ்கோர் 13–10, கடைசிக் கட்டத்தில் ஒரு ஃபீல்டு கோல் தவறியதும் உண்டு. முந்தைய ஆண்டு மிச்சிகனிடம் தோற்ற அதே எண்கள். டேயின் பதவி பற்றி முணுமுணுப்புகூட இல்லை. எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் எதிரில் நின்றது யார் என்பதில் இருக்கும் வித்தியாசம் இதைவிடத் துல்லியமாகத் தெரிய வாய்ப்பில்லை.

மறுபக்கத்தில் ஜிம் ஹார்பா. 2015 முதல் மிச்சிகனின் பயிற்சியாளர். ஒஹாயோ ஸ்டேட்டிடம் முதல் ஐந்து முறையும் தோல்வி. 2020இல் பெருந்தொற்றால் ஆட்டமே இல்லை, அந்தப் பருவமும் 2–4. பல்கலைக்கழகம் அவரை அனுப்பவில்லை, ஆனால் 2021 ஜனவரியில் சம்பளத்தை ஏறக்குறைய பாதியாக்கி, மீதியை வெற்றிகளின் பேரில் ஊக்கத்தொகையாகச் சம்பாதித்துக்கொள் என்று புது ஒப்பந்தம் போட்டது. பெரிய பயிற்சியாளர்களில் இப்படிக் கழுத்தைக் குனிந்து கையெழுத்திட்டவர் அபூர்வம். அந்த நவம்பரில் 42–27 என்று ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்தினார். பத்தாண்டில் மிச்சிகனுக்கு அது முதல் வெற்றி. அடுத்த இரு ஆண்டுகளிலும் வெற்றி மிச்சிகனுக்கே, 2024 ஜனவரியில் தேசியப் பட்டம், உடனே தொழில்முறை அணியான சார்ஜர்ஸுக்குப் பயணம். 2021இல் தோற்றிருந்தால் இந்த வரிசை இருந்திருக்குமா என்பது ஐயம்தான்.

அலபாமா மாநிலத்தில் இதே நாடகத்துக்கு இன்னும் காரம் அதிகம். 2003இல் ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வாக்கரும் இயக்குநர் டேவிட் ஹவுசலும், பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தனி விமானத்தில் ரகசியமாகப் பறந்து போய், தங்கள் பயிற்சியாளர் டாமி டியூபர்வில்லின் பதவிக்கு, லூயிவில் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவை விசாரித்துவிட்டு வந்தார்கள். டியூபர்வில் அலபாமாவை 28–23 என்று வென்றார். விமான விஷயம் வெளியே கசிந்தது. பதவி போனது வாக்கருக்கு. அடுத்த பருவம் ஆபர்ன் 13க்கு 13. டியூபர்வில் ஆறு ஆண்டு தொடர்ந்து அலபாமாவை வென்று, 2008இல் 36–0 என்று தோற்ற சில நாட்களில் விலகினார். பின்பு அரசியலுக்குப் போய் அலபாமாவின் செனட்டர் ஆனார். அந்த ஆறு வெற்றிகள் வாக்குச்சீட்டில் எவ்வளவு உதவின என்பதை அவரவர் ஊகத்துக்கு விடலாம்.

அதே ஆபர்னில் கஸ் மல்சான். 2017 அக்டோபரில் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் 20–0 முன்னிலையை இழந்து தோற்றபோது அவர் நாற்காலி ஆடியது. நவம்பரில் இரண்டே வாரத்துக்குள் முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவையும் அலபாமாவையும் வீழ்த்தினார். அர்கன்சா பல்கலைக்கழகம் அவரை இழுக்கப் பார்த்தது. பயந்துபோன ஆபர்ன் ஏழு ஆண்டுக்கு 4.9 கோடி டாலர் எழுதித் தந்தது. மூன்று ஆண்டு கழித்து அவரை அனுப்ப 2.145 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. எதிரியை வென்ற மயக்கத்தில் போடும் கையெழுத்தும், எதிரியிடம் தோற்ற ஆத்திரத்தில் போடும் கையெழுத்தைப் போலவே விலை கூடியது. இதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

தோற்றவரை யாரும் விரட்டாமலே அவர் எதிர்காலம் புரண்டுபோன கதை ஒன்றும் உண்டு. 2007 டிசம்பர் 1. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி, நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடம். அன்றிரவு வென்றால் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். எதிரில் 75 மைல் வடக்கே இருக்கும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், 4 வென்று 7 தோற்ற அணி. இரு அணிகளுக்கும் அது நூறாவது மோதல். கணிப்பு வித்தியாசம் 28 புள்ளிக்கு மேல். பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் அந்த மண்ணின் பிள்ளை. கிராண்ட் டவுன் என்ற சுரங்க ஊரில் வளர்ந்து, அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர். ஓராண்டுக்கு முன் அலபாமா கூப்பிட்டபோது போகமாட்டேன் என்று தங்கிவிட்டவர். அலபாமா பிறகு நிக் சேபனை எடுத்தது. மாநிலத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கைச் சொல்லி முடியாது.

குவார்ட்டர்பேக் பாட் வைட்டின் கட்டைவிரல் விலகியது. பின்னாளில் தொலைக்காட்சியில் பெரும் பெயர் பெற்ற பாட் மக்காஃபி, எளிதாக அடிக்க வேண்டிய இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். 13–9, பிட்ஸ்பர்க்.

அதே பருவத்தில் மிச்சிகனில் லாய்ட் கார், ஒஹாயோ ஸ்டேட்டிடம் நான்காவது ஆண்டாகத் தொடர்ந்து தோற்ற இரண்டாம் நாள் ஓய்வு அறிவித்திருந்தார். மிச்சிகன் முதலில் கண் வைத்தது எல்எஸ்யூவின் லெஸ் மைல்ஸ் மீது. அவர் மிச்சிகனிலேயே ஆடியவர். எல்எஸ்யூவை விட்டுப் போகவில்லை என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சூடாகச் சொன்னது அதே டிசம்பர் 1 பகலில். இரவு பிட்ஸ்பர்க் ஜெயித்ததும், முதலிடத்து மிசூரியும் அன்றே தோற்றதும் சேர்ந்து, இரண்டு தோல்வி கண்ட எல்எஸ்யூவை இறுதி ஆட்டத்துக்குத் தூக்கிவிட்டன. மைல்ஸ் பட்டம் வென்றார். மிச்சிகன் ரோட்ரிகஸிடம் வந்தது. சந்தித்துப் பேசியது டொலிடோவில். பிட்ஸ்பர்க் தோல்விக்குப் பதினைந்து நாளில் ரோட்ரிகஸ் கிளம்பிவிட்டார்.

அன்று வென்றிருந்தால் இறுதி ஆட்டத்துக்குத் தயாராகும் அந்த வாரங்களில் அவர் கிளம்பியிருப்பாரா? நிர்வாகத்தோடு அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. கேட்ட வசதிகள் வரவில்லை. அந்த மனத்தாங்கல் அப்படியே கிடந்திருக்கலாம். தோல்வி அதைக் கிளறிவிட்டது. ஒப்பந்தப்படி அவர் தர வேண்டிய 40 லட்சம் டாலருக்காக வழக்கு நடந்து, மிச்சிகன் 25 லட்சமும் அவர் 15 லட்சமும் தருவதாக முடிந்தது. தற்காலிகமாக அணியை ஏற்ற பில் ஸ்டுவர்ட் ஃபியஸ்டா பௌலில் ஓக்லஹோமாவை 48–28 என்று வீழ்த்தி, அந்த ஒரே ஆட்டத்தில் நிரந்தரப் பதவி வாங்கினார். மிச்சிகனில் ரோட்ரிகஸுக்கு மூன்று பருவம், 15 வெற்றி, 22 தோல்வி. ஒஹாயோ ஸ்டேட்டிடம் மூன்றும் தோல்வி. 2011 ஜனவரியில் வெளியே.

சொந்த மாநிலத்தில் துரோகி என்ற பெயர் போகப் பதினேழு ஆண்டு ஆனது. 2024 டிசம்பரில் வெஸ்ட் வர்ஜீனியா அவரையே மறுபடி அழைத்தது. 2025 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அணி வெஸ்ட் வர்ஜீனியாவின் சொந்த ஊரான மார்கன்டவுனுக்கு வந்தது. கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் ரோட்ரிகஸின் அணி 31–24 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அவர் அணி வென்றவை மொத்தம் நான்கு, தோற்றவை எட்டு. முதல் ஆண்டுப் பயிற்சியாளரை எப்படியும் வைத்திருப்பார்கள். ஆனால் வென்ற நான்கில் பிட்ஸ்பர்க் ஒன்று என்பது இருக்கும்வரை, அந்த எட்டைப் பற்றி மார்கன்டவுனில் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்பார்கள்.